ஒரே அப்டேட்... 85 லட்சம் கணினிகள் முடக்கம்! தூரத்துக் கருவிகளை நிர்வகிப்பதில் என்ன சிக்கல்?

2024 ஜூலை 19. உலகம் முழுக்க விமான நிலையம், மருத்துவமனை, வங்கி என எங்கு பார்த்தாலும் கணினிகளில் நீலத்திரை. இந்தியாவில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். காரணம் ஹேக்கர்கள் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தானாகப் போன ஒரு அப்டேட்!

78 நிமிடத்தில் வாபஸ்... ஆனாலும் ஏன் நாள்கணக்கு?

தவறான ஃபைலை அந்த நிறுவனம் 78 நிமிடத்திலேயே திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் அதை வாங்கிவிட்டன. ஆன் ஆகவே முடியாத கணினிக்கு, சரியான ஃபைலை இணையம் வழியாக எப்படி அனுப்புவது? பெரும்பாலும் ஆளே நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. டெல்டா நிறுவனம் மட்டும் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது.

எட்ஜ் கருவிகளுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

டேட்டா சென்டரில் இல்லாமல், வேலை நடக்கும் இடத்திலேயே இயங்குபவை எட்ஜ் கருவிகள். கடை பில்லிங் மெஷின், விமான நிலையத் தகவல் பலகை, காற்றாலை சென்சார் எல்லாம் இந்த வகைதான். பக்கத்தில் ஐடி ஊழியர் இருக்கமாட்டார். நெட் விட்டுவிட்டு வரும், கரன்ட் போகும். 'மையத்தில் பட்டனைத் தட்டினால் போதும்' என்ற பழைய முறை இங்கேதான் சறுக்குகிறது.

தீர்வு என்ன?

முதலாவது, எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், சிலவற்றில் சோதித்துவிட்டு படிப்படியாக அனுப்புவது. இந்த மாற்றத்தை கிரவுட்ஸ்ட்ரைக்கும் பிறகு அறிவித்தது.

இரண்டாவது, கருவி தானே மீள்வது. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-லேயே இதற்கான வசதி உண்டு. புது அப்டேட் தனிப் பகுதியில் பதிவாகும். அது ஆன் ஆகவில்லை என்றால் போன் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும். விண்டோஸ் கணினி ஆன் ஆகாவிட்டாலும் தூரத்திலிருந்தே சரிசெய்யும் வசதியை 2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

இதிலும் ஒரு சிக்கல்

படிப்படியாக அனுப்பினால் நேரமாகும். புது வைரஸ் பரவும்போது, கடைசியாக அப்டேட் பெறும் கருவி அதுவரை பாதுகாப்பில்லாமல் இருக்கும். வேகமா, நிதானமா என்பதை ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தனியாக முடிவுசெய்ய வேண்டும். எந்த வழியில் போனாலும், தவறு நடந்தால் கருவி தானாக எழுந்து நிற்குமா என்பதை முன்பே சோதித்துப் பார்ப்பதுதான் ஜூலை 19 சொல்லித்தந்த பாடம்.