மனைக்கு முன் வடிகால் வேண்டும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ஏரிப்பாசனத்தால் வாழ்ந்த பகுதியாகும். 1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை அமைந்தது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2019-இல் ஆவடியே தனி மாநகராட்சியாயிற்று. வயல்கள் மனைகளாயின. மகள் திருமணத்திற்கோ கடனை அடைக்கவோ நிலத்தை விற்ற உழவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் விற்காமல் இன்றும் உழுது கொண்டிருப்பவரின் வயல் ஏன் மூழ்க வேண்டும்?

இப்பகுதி ஏரிகள் தனித்தனியானவை அல்ல. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து இரட்டை ஏரிக்குப் போகும். தெற்கே, கூவம் ஆற்றின் அணைக்கட்டிலிருந்து புதிய பங்காரு கால்வாய் செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீர் கொண்டு செல்கிறது. அதன் உபரி அடையாற்றில் சேரும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே உள்ளவர் மூழ்குவார்; கீழே உள்ளவர் காய்வார்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 10 செ.மீ. மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழும் நீர் சுமார் 4 லட்சம் லிட்டர். ஆறு அங்குல வரப்புள்ள நெல் வயல் 6 லட்சம் லிட்டர் வரை தாங்கும். ஆகவே அந்த மழை முழுவதையும் வயல் தன்னுள் நிறுத்தி மெல்ல விடும். அதே ஏக்கரில் கூரையும் சிமெண்ட் தரையும் தார்ச்சாலையும் வந்துவிட்டால், ஏறக்குறைய அத்தனை நீரும் உடனே வெளியேறும். வடிகால் இல்லையெனில் அது பள்ளத்தில் உள்ள பக்கத்து வயலுக்குத்தான் வரும். மனைப்பிரிவுச் சாலையை மண் கொட்டி உயர்த்தி, பழைய வாய்க்கால் இருந்த இடத்தில் ஒரு சிறு குழாயை மட்டும் பதித்திருப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். கத்தரியும் கீரையும் ஓரிரு நாள் நீர் தேங்கினாலே வேரழுகிவிடும்.

மழைநீரோடு கழிவுநீரும் சேர்ந்து வருவது இன்னொரு கேடு. பாதாளச் சாக்கடை வருமுன்னரே வீடுகள் வந்துவிடுவதால், சாக்கடை வாய்க்கால் வழியே ஏரிக்குப் போகிறது. அந்நீரில் விளையும் கீரையில் நோய்க்கிருமிகள் படியும். ஆலைக்கழிவும் கலந்தால் உலோக நஞ்சும் ஏறும்.

விதிகள் இல்லாமல் இல்லை. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 சதவீத நிலம் திறந்தவெளியாக விடப்பட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் இடமுண்டு. ஏரி நிலையங்களைக் காக்க 2007-இல் தனிச் சட்டமும் வந்தது. குறை எங்கே என்றால், அந்த 10 சதவீத இடம் பெரும்பாலும் விற்க முடியாத மூலையில் விடப்படுவதுதான். அது பள்ளமான பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி அமைய வேண்டும் என்பது என் கருத்து. கோடையில் பிள்ளைகள் விளையாடட்டும். மழையில் குட்டையாக நீர் தாங்கட்டும். வாய்க்கால் ஓடும் புலங்களில் நிலத்துக்குப் பதில் பணம் வாங்கவே கூடாது. வடிகாலும் சாக்கடையும் அமைந்த பிறகே வீடு கட்ட அனுமதி தர வேண்டும்.

இது அம்பத்தூர்க்காரர் கவலை மட்டுமன்று. சென்னைப் பெருநகரின் எல்லை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. இன்று வெறும் வயலாக இருக்கும் ஊர்களும் அதனுள் வந்துவிட்டன. அங்கே வாய்க்கால்கள் இன்னும் உயிரோடுள்ளன. திட்டம் போட ஏற்ற காலம் இதுவே.

உழவர் பெருமக்கள் செய்யக் கூடியவை மூன்று. முதலாவது, கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் பெற்று, தம் வயலுக்கு வரும் வரத்துக்கால்வாயும் நீர் வடியும் வாய்க்காலும் எந்தப் புல எண்களில் உள்ளன என்று குறித்து வைத்தல். இரண்டாவது, நிலத்தில் ஒரு பகுதியை விற்க நேர்ந்தால், மீதி நிலத்தின் நீர்வழி உரிமையைக் கிரயப் பத்திரத்தில் தெளிவாக எழுதச் செய்தல். மூன்றாவது, ஊராட்சியானால் ஆகஸ்டு 15 கிராம சபையிலேயே வாய்க்கால் தூர்வாரத் தீர்மானம் கொண்டு வருதல். அக்டோபரில் கேட்டால் காலம் கடந்துவிடும். மாநகராட்சி எல்லையில் உள்ளவர்கள் பத்துப்பேராகச் சேர்ந்து எழுத்தில் மனுக் கொடுப்பது நல்லது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்றங்கரை மூழ்கியதை நாம் மறந்திருக்க முடியாது. நகரத்தின் வெள்ளத்தைத் தாங்கும் கடைசி நிலம் உழவனின் வயல்தான். அதைக் காப்பது நகரத்தையும் காப்பதாகும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பெரியோர் சும்மா சொல்லவில்லை.