நாங்கள் கேட்டு வாங்காத ஒரு கேன் சாயத்தண்ணீர்

திருமுடிவாக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் குடியிருந்துகொண்டு, தாம்பரம் பக்கத்துக் கல்லூரிகளில் வேதியியல் நடத்துகிறவர்கள் நாங்கள். எங்கள் துறைகளின் அலமாரிகளில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட பிராஜெக்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சாத்துக்குடித் தோல், வாழைப்பழத் தோல், புளியங்கொட்டை, டீச்சக்கை, முட்டை ஓடு என்று தலைப்பில் பொருள் மட்டும் மாறும். சாயம் பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூதான். நீக்கம் 90 சதவீதத்துக்கு மேல். முடிவுரையில், சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்க இது மலிவான வழி என்று ஒரு வரி. அந்த வரியை எழுத விட்டது நாங்கள். அதற்கான ஆதாரம் உள்ளே ஒரு பக்கத்திலும் கிடையாது.

வேலை என்னவோ ஒழுங்காகத்தான் நடக்கும். ஜூஸ் கடையிலிருந்து தோலைப் பையில் வாங்கி வந்து, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, மிக்சியில் பொடித்துச் சலிப்பார்கள். காய்ச்சி வடித்த நீரில் கரைத்த சாயத்தோடு அந்தப் பொடியைக் கூம்புக் குடுவையில் போட்டு ஷேக்கரில் ஏற்றுவார்கள். வடிகட்டி, 664 நானோமீட்டரில் ரீடிங் எடுத்தால், 1918-ல் லாங்முயர் கொடுத்த சமன்பாட்டில் கோடு நேராக விழும். வைவாவில் எல்லோருக்கும் திருப்தி. மிச்சமிருக்கும் நீலத் தண்ணீர் லேப் சிங்க்கில் போகும். சாயம் குடித்த தோல்பொடி குப்பைக்கூடைக்குப் போகும். சாயக்கழிவு பற்றிய ஆராய்ச்சியின் சாயக்கழிவு எங்கே போகிறது என்று எந்த வைவாவிலும் நாங்கள் கேட்டதில்லை.

மெத்திலீன் ப்ளூவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். அது நேர்மின்னேற்றம் கொண்ட சாயம். பழத்தோலில் இருக்கும் பெக்டினும் செல்லுலோஸும் சாதாரணத் தண்ணீரில் எதிர்மின் பக்கம் சாய்ந்தவை. இரண்டும் ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். திருப்பூரில் பருத்திப் பனியன் துணிக்குப் போடுவதோ ரியாக்டிவ் சாயங்கள், எதிர்மின்னேற்றம் கொண்டவை. போட்ட சாயத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ துணியில் ஏறாமல் தண்ணீரோடு வெளியேறும். கூடவே சோடா உப்பின் காரம். நாங்கள் தேர்வுக்கு எளிய கேள்வியை நாங்களே குறித்துக்கொண்டு நூற்றுக்கு நூறு வாங்கினோம்.

வழிகாட்ட ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் 1992-லேயே வாழைத்தண்டுக் கழிவை வைத்து நிறம் நீக்குவது பற்றி எழுதினார்கள். 1996-ல் ஆரஞ்சுத் தோல் வந்தது. அதில் காங்கோ ரெட், ரோடமின்-பி ஆகியவற்றோடு புரோசியன் ஆரஞ்சு என்ற ரியாக்டிவ் சாயத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தென்னைநார்க் கழிவிலிருந்து கரி செய்தார்கள். அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து நடந்திருக்க வேண்டிய நாங்கள், மேற்கோள் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்த்துவிட்டுத் தொடக்கக் கோட்டிலேயே நின்றோம். பதவி உயர்வுக்கான மதிப்பெண் கட்டுரை எண்ணிக்கையில் இருந்தது, அதுவும் ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய குறை திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் இருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலங்களைப் பாழாக்கியது நிறத்தைக் காட்டிலும் உப்பு. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற, லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். வெளியேறும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டு அலைந்த பிறகு, 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பழத்தோல் நிறத்தைப் பிடிக்கும், கரைந்த உப்பைத் தொடாது. அதற்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கிகளும் வேண்டும். 2011-க்குப் பிறகும் எங்கள் பிராஜெக்டுகளின் முன்னுரை திருப்பூரைச் சொல்லித்தான் தொடங்கியது. உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கணக்கும் போடவில்லை. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் வெளியேற்றும் பட்டறை, லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 கிலோ சாயம். ஒரு கிராம் தோல் 20 மில்லிகிராம் பிடித்தால் தினமும் 500 கிலோ உலர்ந்த தோல் வேண்டும். பச்சையாக இரண்டு டன்னுக்கு மேல். மாலையில் அந்த 500 கிலோவும் சாயம் ஏறி, ஈரம் சொட்டும் சகதியாக நிற்கும். போதாக்குறைக்குத் தோலிலிருந்தே கரிமப் பொருள் கரைந்து தண்ணீரில் இறங்கும். பிளாக்போர்டில் ஐந்து நிமிட வேலை இது.

அப்படியானால் தோல் எதற்கும் உதவாதா? உதவலாம், அதுவும் பக்கத்திலேயே. எங்கள் மாவட்டத் தலைநகர் காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்கு ஆசிட் சாயம் போடுகிறார்கள். தண்ணீர் குறைவு, பருத்திக்கு வேண்டிய அளவு உப்பு கிடையாது, அமிலத்தன்மை இருக்கும். அமிலத்தில் தோலின் மேற்பரப்பு எதிர்மின் சாயத்துக்கு இடம் கொடுக்கும். சிறிய தொட்டிக்குச் சிறிய டிரம் போதுமா என்று பார்க்க வேண்டியதுதான். நாங்கள் பார்க்கவில்லை. அனகாபுத்தூர் இன்னும் பக்கம். நைஜீரியாவுக்கு மெட்ராஸ் கைக்குட்டை நெய்து அனுப்பி, அந்தச் சந்தை 1970-களில் போனபின் நொடித்த நெசவாளர்கள், பின்னாளில் வாழைநாரைச் சேலையாக்கி விற்றுக் காட்டினார்கள். அதே வாழையின் தோல் எங்கள் குடுவையைத் தாண்டவில்லை.

உண்மைக் கழிவுநீர் கேட்டால் எந்த முதலாளியும் தரமாட்டார் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். பயப்படுவார்கள், உண்மைதான். ஆனால் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை வழியாகத் தினமும் வண்டியில் போகிற நாங்கள், அங்கே எந்தப் பட்டறை வாசலிலும் இறங்கி, உங்கள் கழிவுநீர் ஒரு கேன் தருவீர்களா என்று கேட்டுப் பார்க்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால், அழுக்குத் தண்ணீர் எங்கள் நேர்கோட்டை வளைத்துவிடும் என்ற பயம் அவர்கள் பயத்தைவிடப் பெரியது.

இந்த ஆண்டுப் பிராஜெக்ட் பட்டியல் போன வாரம் மேசைக்கு வந்தது. மாதுளைத் தோல், மெத்திலீன் ப்ளூ. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம்.