குளம் இல்லாத 6 ஆண்டுகள்

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் மையத்தில் இருந்து மேற்கே சுமார் 24 கிலோ மீட்டர் தூரத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் பரமட்டா.

சிட்னியில் இருந்து அங்கே ரெயிலில் போகலாம். ஆற்று வழியே படகிலும் போகலாம்.

"பரமட்டா" என்பது அந்த மண்ணின் ஆதிகுடிகள் வைத்த பெயர். விலாங்கு மீன்கள் இருக்கும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 1788-ம் ஆண்டில் வெள்ளையர்கள் அங்கே குடியேறினார்கள். "ரோஸ் ஹில்" என்று புதுப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1791-ல் பழைய பெயரே திரும்பி வந்துவிட்டது!

இன்று அது பல நாட்டு மக்கள் வாழும் ஊர். இந்தியர், சீனர், லெபனான் நாட்டினர் என்று பலரும் இருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். யுத்தத்துக்குத் தப்பி இலங்கையில் இருந்து வந்தவர்கள் உண்டு. வேலை தேடித் தமிழ்நாட்டில் இருந்து போனவர்களும் உண்டு. மேஸ் ஹில் என்ற பகுதியில் முருகன் கோவில் இருக்கிறது. பக்கத்திலேயே கலாசார மண்டபமும் உண்டு.

காசு கேட்காத இடங்கள்

ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகும்? கையில் பணம் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பணம் இல்லாவிட்டால்?

பரமட்டாவில் அதற்கு நல்ல பதில் இருக்கிறது.

முதலில் பெரிய பூங்கா. சுமார் 85 ஹெக்டேர் பரப்பு. அதாவது 200 ஏக்கருக்கு மேல். ஒரு காலத்தில் இது கவர்னருக்கு உரிய நிலம். 1799-ல் கட்டிய கவர்னர் மாளிகை இன்னும் அங்கே நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் மிஞ்சி இருக்கும் பொதுக் கட்டடங்களில் அதுவே மிகப் பழமையானது. 2010-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது.

அந்த நிலத்தை 1858-ல் மக்களுக்கு உரிய பூங்காவாக ஆக்கினார்கள். கவர்னர் உலாவிய புல்வெளியில் இன்று தொழிலாளியின் குழந்தை பந்து விளையாடுகிறது!

அடுத்தது பரமட்டா ஏரி. 1856-ல் அணை கட்டி உண்டாக்கியது. 1909 வரை ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்தது. பிறகு மக்கள் அதில் குளித்தார்கள். நடுவில் குளிக்கக் கூடாது என்று தடை வந்தது. 72 ஆண்டுகள் கழித்து, 2015 ஜனவரியில், மறுபடியும் ஏரியில் நீந்த அனுமதி கொடுத்தார்கள். அங்கே ஜனவரி மாதம் கோடைக்காலம்.

மூன்றாவது "ஃபைவ்" என்ற கட்டடம். 2022-ல் திறந்தார்கள். நூலகம் அதிலேதான். நகரசபை கூடும் மண்டபமும் அதிலேதான். பாட்டி பத்திரிகை படிக்கலாம். பையன் பாடம் படிக்கலாம். "உள்ளே வர டிக்கெட் எங்கே?" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இவ்வளவு நல்ல காரியம் செய்த ஊரில் ஒரு தவறும் நடந்தது. அதைத்தான் இங்கே பேசவேண்டும்.

இடித்தார்கள்!

பரமட்டாவில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. 1959-ல் திறந்தது. போரில் உயிர் விட்டவர்களின் நினைவாகக் கட்டியது. அதனால் "போர் நினைவு நீச்சல் குளம்" என்று பெயர். அரை நூற்றாண்டுக்கு மேல் ஊர்ப் பிள்ளைகள் அதில் நீந்தக் கற்றார்கள். அப்பா நீந்திய குளத்தில் மகனும் நீந்தினான்.

குளத்தின் பக்கத்தில் ஒரு விளையாட்டு அரங்கம் இருந்தது. அதைவிடப் பெரிய அரங்கம் கட்ட மாநில அரசு முடிவு செய்தது. அதற்கு இடம் வேண்டும். 2017-ல் குளத்தை மூடினார்கள். இடித்தார்கள். ஊர் மக்கள் எதிர்த்தார்கள். பயன் இல்லை.

2019-ல் புதிய அரங்கம் திறந்தது. 30 ஆயிரம் பேர் உட்காரலாம். அழகான அரங்கம்தான்.

குளம்?

அது 2023 செப்டம்பரில்தான் வந்தது. மேஸ் ஹில் பகுதியில் கட்டினார்கள். மாநில அரசும் நகரசபையும் சேர்ந்து 8½ கோடி டாலருக்கு மேல் செலவு செய்தன. 50 மீட்டர் நீளக் குளம், கூரையின் கீழே ஒரு குளம், நீந்தப் பழகுகிறவர்களுக்குத் தனிக் குளம் எல்லாம் இருக்கின்றன.

"பழையதைவிட நல்ல குளம் கிடைத்துவிட்டதே! பிறகு என்ன குறை?" என்று சிலர் கேட்கலாம்.

குறை இருக்கிறது. அது நடுவே போன 6 ஆண்டுகள்!

போன வயது வருமா?

கணக்குப் பாருங்கள். குளம் மூடியபோது 6 வயதான குழந்தைக்கு, புதுக்குளம் திறந்தபோது 12 வயது. நீந்தக் கற்றுக் கொள்ளவேண்டிய வயது முழுவதும் போய்விட்டது. கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். குழந்தையின் வயதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

அக்கம்பக்கத்து ஊர்களில் குளங்கள் இருந்தன. உண்மைதான். கார் உள்ளவர்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். கார் இல்லாதவர்கள்? தகப்பன் இரவு வேலை. தாய் பகல் வேலை. குழந்தையை யார் அழைத்துப் போவது?

பொது இடத்தை மூடினால் பணக்காரன் வேறு இடம் போவான். ஏழைதான் வீட்டில் இருப்பான்.

நீச்சல் என்ன, வெறும் விளையாட்டா? அந்த நாட்டில் அது உயிர் காக்கும் வித்தை. எங்கே பார்த்தாலும் கடற்கரை, ஆறு, ஏரி. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை ஒரே ஆண்டில், ஆஸ்திரேலியாவில் 323 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். இவர்களில் கணிசமானவர்கள் வேறு நாடுகளில் பிறந்தவர்கள்.

காரணம் தெளிவு. அந்த நாட்டுக் குழந்தை சிறு வயதிலேயே நீந்தப் பழகுகிறது. புதிதாக வந்த குடும்பத்தில் தாய்க்கும் நீச்சல் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது. கடற்கரைக்குப் போகிறார்கள். அலை அழகாக இருக்கிறது. உள்ளே இழுக்கும் நீரோட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பழமொழி சொல்லலாம். ஆழத்தில் விழுந்தால் பிழைக்கும் வழியை யார் சொல்லிக் கொடுப்பது? ஊர்க் குளம்தான் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

எது முதலில்?

அரங்கம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பந்தாட்டம் நடந்தால் கூட்டம் வரும். கடைகளில் வியாபாரம் நடக்கும். ஊருக்குப் பெருமை. அதெல்லாம் சரி.

ஆனால் அரங்கத்தில் கூட்டம் சேருவது ஆட்டம் நடக்கும் நாளில்தான். 30 ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். விளையாடுவது சிலர்தான். குளம் அப்படி அல்ல. அங்கே வேடிக்கை பார்க்க வருவதில்லை. எல்லோரும் இறங்குகிறார்கள். குளத்துக்கும் கட்டணம் உண்டு. என்றாலும் கொடுத்த காசுக்கு ஒரு வித்தை கையில் வருகிறது.

அரங்கத்துக்கு 2 ஆண்டு. குளத்துக்கு 6 ஆண்டு. இந்த வரிசை சரியா?

புதுக்குளத்தை முதலில் கட்டி இருக்கலாம். அது திறந்த மறுநாள் பழைய குளத்தை இடித்திருக்கலாம். அரங்கம் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கும். யாருக்கும் உயிர் போயிருக்காது. குழந்தைகளுக்கு ஒரு கோடைகூட வீணாகி இருக்காது.

ஒரு வீட்டில் புதிய அடுப்பு வாங்கும் வரை பழைய அடுப்பை உடைப்பார்களா? உடைத்தால் குழந்தைகள் பட்டினி கிடக்கும். வீட்டுக்கு உள்ள நியாயம்தான் ஊருக்கும்.

பூங்கா, நூலகம், குளம் ஆகியவை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு வைத்துவிட்டுப் போகும் சொத்து. அவற்றை மாற்றலாம், பெரிதாக்கலாம். ஆனால் நடுவில் ஒரு நாள்கூட மக்கள் கையை வெறுங்கையாக விடக்கூடாது. எந்த நாட்டு நகரசபைக்கும் இந்த விதி பொருந்தும்.

இன்று பரமட்டாவின் புதுக்குளத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கும். அந்தச் சத்தம் 6 ஆண்டுகள் நின்றிருக்கவேண்டிய அவசியமே இல்லை!