தாதி கேட்காமல் விட்ட கேள்வி

பிரிட்டன் சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் அவர்களுக்கு,



நான் உங்கள் தொகுதிக்காரன். பார்கிங்சைட் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். 2024 தேர்தலில் நீங்கள் 528 வாக்கில் தப்பிக் கரையேறினீர்கள். எங்கள் வீட்டில் நான்கு வாக்கு. யாருக்குப் போட்டோம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் நாலு பேர் சொல்லும் உங்கள் காதில் விழவேண்டும் என்பதற்கு அந்தக் கணக்கே போதும்.

மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு என் மகள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவாள். இதை உங்களோடு சேர்த்து எங்கள் ஆட்களும் வாசிக்க வேண்டும், முக்கியமாக நாற்பதைத் தாண்டிய ஆண்கள்.

எனக்கு வயது 55. புரோஸ்டேட் புற்றுநோய், நான்காம் கட்டம். இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவிய பிறகுதான் தெரிய வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹோர்மோன் ஊசி போடுகிறார்கள். ஊசி நோயை அடக்குகிறது; கூடவே தசையையும் கரைக்கிறது, எலும்பையும் மெலிய வைக்கிறது. பகலில் களைப்பு, இரவில் உடம்பெல்லாம் அனல். இந்த ஊசி போடுகிறவர்களுக்கு உடற்பயிற்சி களைப்பைக் குறைக்கும் என்று இந்த நாட்டு மருத்துவ வழிகாட்டலே சொல்கிறது. அதனால் பரணில் கிடந்த சைக்கிளை இறக்கி, ஃபெயர்லொப் ஏரியைச் சுற்றத் தொடங்கினேன். முதல் நாள் ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டு வாங்கில் உட்கார்ந்து எழும்பினேன்.

அப்படிச் சுற்றிச் சுற்றித்தான் 2025 செப்டம்பர் 7ஆம் தேதி கிளாஸ்கோ வரை போனேன். சர் கிறிஸ் ஹோய் ஏற்பாடு செய்த ‘டூர் டி ஃபோர்’ சைக்கிளோட்டம். பெயரிலுள்ள நான்கு, நான்காம் கட்டத்தைக் குறிக்கிறது. அவர் பெயரையே சூட்டிய வெலோட்ரோமில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். புற்றுநோய்த் தொண்டு நிறுவனங்களுக்காக 20 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. நான் ஓடிய தூரத்தைக் கேட்காதீர்கள். மேடு வந்த இடங்களில் இறங்கி உருட்டியதும் உண்டு. என்னைத் தாண்டிப் போன ஒரு கிழவர் தன் முதுகில் குத்தியிருந்த தாளைக் கையால் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். அவரும் என் கட்சி, நான்காம் கட்டம்.

ஹோயின் கதை உங்களுக்குத் தெரியும். ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்றவர். 2023இல், 47 வயதில், தோள் வலிக்கிறது என்று போனார். உடற்பயிற்சியில் பிசகியதாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். ஸ்கேனில் தெரிந்தது வேறு. நோய் புரோஸ்டேட்டில் தொடங்கி எலும்புகளுக்குப் போய்விட்டிருந்தது. இரண்டிலிருந்து நான்கு வருடம் என்றார்கள். அவருடைய தகப்பனுக்கும் பாட்டனுக்கும் இதே நோய் வந்திருந்தது.

உங்கள் கதையும் எனக்குத் தெரியும். 2021இல் சிறுநீரகக் கல் என்று போன இடத்தில் உங்கள் சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்ததைக் கண்டார்கள். வேளைக்குக் கண்டதால் வெட்டி எடுத்து, நீங்கள் பிழைத்துக்கொண்டீர்கள். அப்போது உங்களுக்கு 38 வயது. உங்களுக்குக் கல் முந்திக்கொண்டு சொன்னது. ஹோய்க்குத் தோள் பிந்திச் சொன்னது. இரண்டும் தற்செயல்தான். தற்செயலை நம்பியா ஒரு நாடு இருக்க வேண்டும்?

இனி என் கதை.

2016இல் எனக்கு 46 வயது. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையுள்ளவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. எனக்கும் கடிதம் வந்தது, போனேன். தாதி அன்பானவர். இரத்த அழுத்தம் பார்த்தார், கொழுப்புக்கு இரத்தம் எடுத்தார், புகைப்பதுண்டா, குடிப்பதுண்டா என்று கேட்டார். பிறகு, “உங்கள் அப்பாவுக்கு இதய நோய் இருந்ததா?” என்றார். இல்லை என்றேன். அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

என் அப்பாவுக்கு இதயத்தில் ஒரு குறையுமில்லை. சாவகச்சேரியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு றலி சைக்கிளில் போய்வந்த வாத்தியார் அவர். யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாதபோது விறகும் அரிசியும் அம்மாவும் அந்தச் சைக்கிளில்தான் வந்தார்கள். 1998இல் அவர் இறந்தது புரோஸ்டேட் புற்றுநோயில். கடைசிக் காலத்தில் ‘சலம் போறதில கரைச்சல்’ என்று மட்டும் வீட்டில் சொல்வோம். வந்து போகிறவர்களிடம் அதையும் சொல்வதில்லை. இடுப்புக்குக் கீழே வரும் வருத்தத்துக்கு எங்கள் வீடுகளில் பெயர் கிடையாது. அப்பாவுக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். அது எனக்கும் உரிய செய்தி என்பதுதான் தெரியாது. தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆபத்து என்பதை 2023இல், ஸ்கேனைக் கையில் வைத்திருந்த நிபுணர் சொல்லித்தான் அறிந்தேன்.

தாதியில் பிழையில்லை. அவர் கையிலிருந்த படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. வைத்தியர்களிலும் பிழையில்லை. நோய்க்குறி இல்லாத ஆணிடம் அவர்களாகப் பிஎஸ்ஏ என்னும் புரோஸ்டேட் இரத்தப் பரிசோதனைப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதே இன்றைய வழிகாட்டல். ஐம்பது வயதானவன் தானாகப் போய்க் கேட்டால் செய்வார்கள். கேட்கத் தெரிந்தவன் கேட்பான். என்ன கேட்பதென்றே தெரியாதவன் என்ன செய்வான்?

மறுபக்கத்தையும் அறிவேன். பிஎஸ்ஏ துல்லியமான பரிசோதனை அல்ல. தொற்று வந்தாலும் ஏறும், சுரப்பி வீங்கினாலும் ஏறும். வாழ்நாள் முழுவதும் தீங்கு செய்யாத மந்தமான கட்டியையும் அது காட்டிக்கொடுக்கும். அதற்குச் சிகிச்சை செய்யப்போய், சிறுநீரை அடக்க முடியாமலும் தாம்பத்தியம் இழந்தும் போனவர்கள் உண்டு. இவற்றை எடைபோட்டுத்தான் தேசியப் பரிசோதனைக் குழு 2025 நவம்பர் 28ஆம் தேதி தன் வரைவு முடிவைச் சொன்னது: புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ள ஆண்களுக்கு மட்டும், 45 முதல் 61 வயது வரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை. குடும்பத்தில் நோய் இருந்தவர்களுக்கு இல்லை. நாலில் ஒருவருக்கு இந்த நோய் வரும் கறுப்பின ஆண்களுக்கும் இல்லை. ஆதாரம் போதாது என்கிறார்கள். அந்த ஆதாரத்தைத் தேடும் ‘டிரான்ஸ்ஃபோர்ம்’ ஆய்வு 2025 நவம்பரில்தான் ஆட்களை அழைக்கத் தொடங்கியது.

அறிவியல் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கத்தான் வேண்டும். எல்லா ஆண்களிடமும் இரத்தம் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது அதைவிடச் சின்னது.

அந்தப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள். இதய நோயைக் கேட்கும் அதே மூச்சில், “அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புரோஸ்டேட் புற்றுநோய் வந்ததா?” என்று கேட்கட்டும். ஆம் என்றால், 45 வயதில் வைத்தியர் அவனைக் கூப்பிட்டு, பரிசோதனையின் நன்மையையும் தீமையையும் அவன் மொழியில் எடுத்துச் சொல்லட்டும். செய்வதா விடுவதா என்பதை அவன் முடிவு செய்யட்டும். வைத்தியரின் வாயைக் கட்டியிருக்கும் வழிகாட்டலை அவனுக்காகவாவது அவிழ்த்துவிடுங்கள்.

என் தம்பி கிளினிக் ஒன்றுக்குப் போய், அண்ணனுக்கு நான்காம் கட்டம், அப்பா இதில்தான் செத்தார் என்று சொன்னான். “உங்களுக்கு ஏதும் குறி இருக்கிறதா?” என்று கேட்டார்கள். இல்லை என்றதும், ஐம்பதானபிறகு வாருங்கள் என்றார்கள். அவனுக்கு அப்போது 48. மூன்றாம் முறை போய் நின்றபோதுதான் இரத்தம் எடுத்தார்கள். எண்ணிக்கை கொஞ்சம் கூட. இப்போது கண்காணிப்பில் இருக்கிறான். அவன் பிடிவாதக்காரன், பிழைத்தான். எல்லாருக்கும் அந்தப் பிடிவாதம் இராது.

தொண்டுக்குச் சைக்கிள் ஓட நாங்கள் தயார். ஊசி போட்ட உடம்போடு எத்தனை மேட்டிலும் உருட்டிக்கொண்டு போவோம். கிளாஸ்கோவில் சேர்ந்த பணத்தால் எவ்வளவோ நல்லது நடக்கும். ஆனால் படிவத்தில் ஒரு வரி சேர்க்க அந்தப் பணம் உதவாது. அதற்கு உங்கள் கையெழுத்துதான் வேண்டும்.

என் மகனுக்கு வயது 24. அவனுக்கு 45 நிறையும்போது 2046. அன்றைக்கு நான் இருக்கமாட்டேன். நீங்களும் இந்தக் கதிரையில் இருக்கப்போவதில்லை. ஏதோ ஒரு கிளினிக்கில் அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்திருப்பான். “அப்பாவுக்கு இதய நோய் இருந்ததா?” என்று தாதி கேட்பார். இல்லை என்பான்.

அதற்குப் பிறகு அவர் என்ன கேட்பார்?

இப்படிக்கு,
உங்கள் தொகுதிவாசி ஒருவன்
இல்ஃபோர்ட், டிசம்பர் 2025