இனிப்பு என்றால் இளக்காரமா?

போன வாரம் 'அமேலி' படத்தை மறுபடி பார்த்தேன். வேலைக்கு இந்தப் பக்கம் வருமுன் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சப்டைட்டில் இல்லாமலே புரியும். கூட உட்கார்ந்திருந்த பேரன் பாதியில் எழுந்து, "வெறும் அல்வா தாத்தா" என்றான்.

அதுவும் திருநெல்வேலியில் இருந்துகொண்டு! சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, கை கடுக்கக் கிண்டுகிறவரிடம் போய் 'வெறும்' என்று சொல்லட்டும், பார்ப்போம்.

அவனை மட்டும் சொல்வானேன்? 2001-இல் படம் வந்தபோதே செர்ஜ் ககான்ஸ்கி என்ற பிரெஞ்சு விமர்சகர், பாரிஸைக் கழுவித் துடைத்துப் பொய்யாகக் காட்டுகிறது என்று சாடினார். மோன்மார்த்ர் தெருக்கள் நிஜத்தில் அவ்வளவு சுத்தமில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குப்பை மட்டும்தான் நிஜம் என்று யார் சட்டம் போட்டது?

அதில் ஒரு காட்சி. பார்வையற்ற முதியவர் ஒருவரை அமேலி கைபிடித்துச் சாலை கடத்துகிறாள். கடந்ததும் விட்டுவிடவில்லை. பூக்காரர் சிரிக்கிறார், பன்றிக்கறி இன்ன விலை, ஒரு குழந்தை நாயைப் பார்க்கிறது, நாய் கோழியைப் பார்க்கிறது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே மெட்ரோ படிவரை இழுத்துப் போகிறாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. ஆபீஸ் போகிற வழியில் அந்தப் பிள்ளைகளை எத்தனையோ முறை சாலை கடத்தி விட்டிருக்கிறேன். பஸ் போய்விடுமே என்ற அவசரம். எதிர்க் கடையில் வாழைத்தார் தொங்குகிறது என்றுகூட ஒருவரிடமும் சொன்னதில்லை. உதவி செய்தேன் என்று வீட்டில் பெருமை மட்டும் பேசியிருக்கிறேன்.

அழவைக்கிற படங்கள் நிறையப் பார்த்தவன் நான். ஒன்றும் இதை என்னிடம் கேட்டதில்லை.