வீட்டுப் படம் எடுக்க எதுக்கு வ்லொக் கமரா?

"மச்சான், கெனன் ஆர்50 எடுக்கிறதோ, சோனி இசட்வி-ஈ10 எடுக்கிறதோ? பெரிசா ஒண்டுமில்லை, வீட்டில படம் எடுக்கத்தான்."

இந்தக் கேள்வியை எத்தினை பேர் கேட்டிட்டினம் எண்டு எண்ணுறதை நான் விட்டு கன நாள். கேக்கிற ஆள் யூரியூபில இருபது ஒப்பீட்டு வீடியோவாவது பாத்து முடிச்சிருப்பார். முடிவும் எடுத்திருப்பார். அவருக்குத் தேவை ஆலோசனை இல்லை, சாட்சி. முடிவு பெரும்பாலும் சோனிதான். ஏனெண்டால் அந்த இருபது வீடியோவையும் எடுத்த ஆக்கள் வீடியோ எடுக்கிற ஆக்கள். அவையின்ர வீட்டில அம்மம்மா எப்பிடி இருப்பா எண்டு எங்களுக்கு ஒருநாளும் தெரிய வராது.

நான் சாட்சி சொல்லப் போறதில்லை. வீட்டுப் படத்துக்கு எண்டால் இசட்வி-ஈ10 பொருந்தாத கமரா. கூடாத கமரா இல்லை, பொருந்தாத கமரா. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

முதலில, எல்லாரும் அடிபடுற விசயத்தை முடிச்சுப் போட்டு வருவம். சோனி 2021 ஜூலையில வந்தது, கெனன் 2023 பெப்ரவரியில. ரெண்டும் 24 மெகாபிக்சல். ரெண்டும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சர். சோனியினது ஒரு துளி பெரிசு. பற்றறியோட சோனி 343 கிராம், கெனன் 375 கிராம். இடைவெளி 32 கிராம், ரெண்டு பேற்ற தேத்தண்ணிக்குப் போடுற சீனி. ரெண்டும் ஆளின்ர கண்ணைத் தேடிப் பிடிச்சுக் குவியம் வைக்கும், ரெண்டும் அதை நல்லாச் செய்யும். மெகாபிக்சல் கணக்குப் பாக்கிற தம்பிமாருக்கு இன்னொரு கணக்கு: ஆறுக்கு நாலு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி எண்டு அச்சடிச்சால் 1800 பெருக்கல் 1200, ரெண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் கூட. ஏ4 அளவுக்கே ஒன்பது போதும். ஆக, படத்தின்ர தரத்தை வைச்சு இந்த ரெண்டில ஒண்டைத் தெரிவு செய்யிறன் எண்டு ஆரும் சொன்னால், அவர் உங்களை இல்லை, தன்னைத்தான் ஏமாத்திறார்.

காசும் அப்பிடித்தான். வெளிநாட்டில அறிமுக விலை, சின்ன சூம் லென்ஸோட சேத்து, ரெண்டுக்கும் 800 டொலர் வரை. 2022 தொடக்கத்தில டொலர் 200 ரூபா. அந்த வருசம் மே மாதத்துக்கிடையில 360. ஒரே கமரா ஒரு லட்சத்து அறுபதாயிரத்திலயிருந்து ரெண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம், வரியும் கடைக்காரரின்ர லாபமும் வேற. இந்த நாட்டில ஒரு வீடு அவ்வளவு காசைக் கமராவில போட்டால் அது பத்து வருசம் வேலை செய்யவேணும். அதாலதான் இந்தக் கேள்வியை விளையாட்டா எடுக்கக் கூடாது எண்டுறன்.

சரி, எங்க வித்தியாசம்? கெனனில கண்ணை வைச்சுப் பாக்கிற வியூபைண்டர் இருக்கு, சோனியில இல்லை. கெனனில தலையில இருந்து எழும்பிற சின்ன பிளாஷ் இருக்கு, சோனியில இல்லை. அதுக்குப் பதிலா சோனியில என்ன இருக்கு? மூண்டு குமிழ் மைக், காத்துச் சத்தத்தை மறைக்கிற மயிர்த்தொப்பி, ஒரு தட்டில பின்புலத்தை மங்கலாக்கிற பொத்தான், கையில தூக்கிக் காட்டுற சாமானுக்குக் குவியத்தைத் தாவ விடுற ஒரு முறை. கிறீம் போத்திலைத் தூக்கிக் காட்டி "இதை வாங்குங்கோ" எண்டு சொல்லுற ஆளுக்குச் செய்த கமரா அது. அந்த வேலைக்கு அது திறம். கெனனும் பெரிய ஞானி இல்லை, அவையும் சாமான் காட்டுற முறை ஒண்டை உள்ளுக்க வைச்சிருக்கினம். ஆனால் வியூபைண்டரைப் பிடுங்கி எறியேல்லை.

வியூபைண்டர் பழைய ஆக்களின்ர பழக்கம், தேவையில்லை எண்டு சொல்லுவினம். நல்லூர்த் தேரண்டு காலமை ஒன்பது மணிக்கு, வெள்ளை மணல் வெய்யிலைத் திருப்பி முகத்தில அடிக்கேக்கை, பின் திரையைப் பாத்துப் படம் எடுத்துக் காட்டுங்கோ. திரையில தெரியிறது உங்கட முகம்தான். எங்கட வெளிச்சம் அப்பிடி. மழைக்காலம் தவிர மிச்ச நாளெல்லாம் திரையோட மல்லுக்கட்ட வேண்டிய வெளிச்சம்.

அதோட, ஐம்பது அறுபது வயசைத் தாண்டின அப்பாமார். அவை 36 படச் சுருளில பழகின கை. கமராவை வாங்கின உடனே கண்ணுக்குத்தான் கொண்டு போவினம். வியூபைண்டருக்குப் பக்கத்தில ஒரு சின்ன உருளை இருக்கும், அதைத் திருப்பினால் மூக்குக்கண்ணாடி இல்லாமலே கனபேருக்குத் துலக்கமாத் தெரியும். சோனியைக் குடுத்துப் பாருங்கோ: கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து, "எங்கடா இது" எண்டு தேடி, கடைசியில "நீயே எடு" எண்டு திருப்பித் தருவினம். முகத்தோட ஒட்டிப் பிடிச்ச கமரா ஆடுறதும் குறைவு. இந்த ரெண்டு கமராவிலயும் உடலுக்குள்ள அசைவு தடுக்கிற வசதி இல்லை, லென்ஸில மட்டும்தான் இருக்கு. அதால இது சின்ன விசயம் இல்லை.

இனி சோனிக்காரரின்ர பக்கம். அவையிட்ட ஒரு உண்மையான வாதம் இருக்கு: லென்ஸ். அதை மறைச்சுப் பேசினால் நான் விளம்பரக்காரன். சோனியோட வாற 16-50 லென்ஸ் கெனனின்ர 18-45 ஐ விட அகலமாப் பாக்கும். சின்ன விறாந்தையில பதினைஞ்சு பேரை நிறுத்திறவருக்கு அந்த ரெண்டு மில்லிமீற்றர் பெரிய உதவி. கெனனின்ர லென்ஸை எடுக்க முதல் ஒருக்கா முறுக்கி விரிக்கவேணும், இல்லாட்டில் எச்சரிக்கை காட்டிக்கொண்டு நிக்கும். அதுக்கிடையில பிள்ளை ஓடியிடும். சோனியின்ர மவுண்டுக்கு சிக்மா, டம்ரோன் எண்டு வெளிக் கொம்பனிகள் வருசக் கணக்கா மலிவான நல்ல லென்ஸ் செய்யினம், பழசு வாங்கவும் சுகம். கெனன் கதவைச் சாத்தி வைச்சிருந்தது. 2022இல வில்ற்றொக்ஸ் எண்ட கொம்பனி ஆர்எஃப் மவுண்டுக்கு லென்ஸ் விக்கிறதையே நிப்பாட்ட வேண்டி வந்தது. இது வடிகட்டின பேராசை, வேற சொல் இல்லை. 2024 ஏப்ரலிலதான் சிக்மாவும் டம்ரோனும் கெனனின்ர அனுமதியோட ஏபிஎஸ்-சி லென்ஸ் அறிவிச்சினம்.

எல்லாம் சரி. ஆனால் உங்கட வீட்டுக்கு எத்தினை லென்ஸ் வேணும்? கையை நெஞ்சில வைச்சுச் சொல்லுங்கோ. ஒண்டு. அறைக்குள்ள, ஆறடி தூரத்தில இருக்கிற ஆளை எடுக்க ஒரு லென்ஸ். கெனனின்ர 28 மில்லிமீற்றர் எஃப் 2.8 எண்ட தட்டையான லென்ஸ் 120 கிராம். ஆர்50 இல போட்டால் கிட்டத்தட்ட 45 மில்லிமீற்றர் பார்வை, குசினி வாசலில நிண்டு அடுப்படியில நிக்கிற ஆளை எடுக்க அளவான பார்வை. சிக்மா 30 எஃப் 1.4 இதைவிட நாலு மடங்கு வெளிச்சம் உள்ளுக்கு விடும், ஆனால் ரெண்டு மடங்குக்கு மேல பாரம். இரவில, ஒரு எல்ஈடி குமிழுக்குக் கீழ பிள்ளையளை எடுக்கிறதுதான் உங்கட வேலை எண்டால் சிக்மாவுக்குப் போங்கோ, நான் மறிக்கேல்லை. 50 மில்லிமீற்றர் மலிவு எண்டு அதை மட்டும் வாங்காதேங்கோ: எங்கட அறைகளில முதுகு சுவரில முட்டும், முகம் மட்டும்தான் கமராவுக்குள்ள வரும். சோனிதான் வேணும் எண்டு அடம்பிடிக்கிறவை வியூபைண்டர் இருக்கிற ஏ6400 ஐப் பழசாத் தேடுங்கோ. என்ர சண்டை சோனியோட இல்லை.

சண்டை ஆரோட? 'வீட்டில படம் எடுக்க' எண்டு காசு கேட்டு, வாங்கின அண்டைக்கே அதைத் தன்ர தனிச் சொத்தாக்கிற எங்கட பெடியளோட. கனடா மாமாவிட்ட வீட்டுக்கெண்டு கேப்பினம். கமரா வந்த பிறகு அது அலுமாரிக்குள்ள, பூட்டுக்குள்ள. "தங்கச்சி, தொடாத, லென்ஸில கை படும்." அம்மாவுக்குப் பொத்தான் எங்க எண்டே ஆரும் காட்டுறேல்லை. வெளியில வாறது சூரியன் மறையேக்கை, பண்ணைப் பாலத்தில, அவரின்ர கூட்டாளிமாருக்கு. எங்கட ஊர்ப் புழுக்கத்தில அலுமாரிக்குள்ள கிடக்கிற லென்ஸில பூஞ்சணம் பிடிக்கும், அது வேற கதை.

இப்ப உங்கட போனைத் திறந்து, போன வருசம் முழுக்க எடுத்த படங்களில அம்மா தனிய நிக்கிற படம் எத்தினை எண்டு பாருங்கோ. பந்தியில எல்லாரும் இருந்து சாப்பிடுற படம் இருக்கும், பரிமாறுற கை மட்டும் ஓரத்தில வெட்டுப்பட்டு இருக்கும். கலியாண வீட்டு அல்பத்தில இருப்பா, காசு குடுத்துப் பிடிச்ச ஆள் எடுத்தது, பட்டுச் சீலையோட, விறைச்சுப் போய். அவ வீட்டில எப்பிடி இருப்பா எண்டதுக்கு ஒரு படமும் இராது.

இதில என்ன பெரிய விசயம் எண்டு கேக்கிறவை கிளிநொச்சிக்குப் போங்கோ. 2017 பெப்ரவரியில கந்தசாமி கோயிலுக்கு முன்னால காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருக்கத் தொடங்கிச்சினம். அவை கையில பிடிச்சிருந்த படங்களை உத்துப் பாத்திருக்கிறீங்களோ? அடையாள அட்டைக்கு எடுத்த படம். பாடசாலைப் படம். குழுப்படத்தில இருந்து வெட்டிப் பெருப்பிச்ச முகம், பக்கத்தில நிண்ட ஆளின்ர தோளோட. பெருப்பிச்சுப் பெருப்பிச்சு மூக்கும் வாயும் புள்ளியாப் போனது. 1995இல வலிகாமத்தை விட்டு ஒரே இரவில வெளிக்கிட்ட சனம் அல்பத்தைத் தூக்கிறதோ அரிசியைத் தூக்கிறதோ எண்டு நிண்டது. 2004இல கடல் கொண்டு போனது. 2009இல ஒண்டும் மிஞ்சேல்லை. ஒரு ஆளின்ர நல்ல படம் ஒண்டு வீட்டில இருக்கவேணும் எண்டது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. இந்தச் சனத்துக்குள்ள இருந்துகொண்டு 'சினிமற்றிக்' எண்டு கதைக்கிறதுதான் எனக்கு விளங்கேல்லை.

'போன் போதும்தானே' எண்டவைக்கும் ஒரு சொல். வெளிச்சம் இருந்தால் போன் போதும், உண்மை. ஆனால் போன் ஒரு ஆளின்ர சாமான். கடவுச்சொல் போட்டது. விழுந்து உடையும், மூண்டு வருசத்தில மாறும். உள்ளுக்க இருக்கிற படங்கள் மீம்ஸுக்கும் பற்றுச்சீட்டுக்கும் நடுவில தொலைஞ்சு கிடக்கும். கமரா ஒரு வீட்டின்ர சாமான், குடை மாதிரி. வெளிக்கிடுற ஆள் எடுத்துக்கொண்டு போகலாம்.

இன்னொண்டு, தோல். ரெண்டு கமராவிலயும் தோலை மெழுகுற ஒரு தெரிவு இருக்கு. முதல் வேலையா அதை அணைச்சு விடுங்கோ. படச்சுருள் காலத்தில கொடாக் அச்சகங்களுக்கு நிறம் சரி பாக்க அனுப்பின 'ஷேர்லி' அட்டையில இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவவின்ர தோல் சரியா வந்தால் எல்லாம் சரி எண்டு கணக்கு. அந்தக் கணக்கை உடைக்கப் பல வருசம் பிடிச்சது. நாங்கள் என்ன செய்யிறம்? சாமத்திய வீட்டு அல்பத்தில பிள்ளையை மூண்டு பங்கு வெளுப்பாக்கிறம், அதுக்குக் காசும் குடுக்கிறம். பிறகு ஆபிரிக்க அமெரிக்க அரசியல் பற்றி இங்க கட்டுரை எழுதுறம்.

கமராவின்ர தானியங்கி மூளைக்கு உலகம் முழுக்க நடுத்தரச் சாம்பல் நிறம். வெள்ளைச் சீருடையோட நாலு பிள்ளையள் வெய்யிலில நிண்டால், 'வெளிச்சம் கூடிப்போச்சு' எண்டு அது தானாக் குறைக்கும். சட்டை அழகா வரும், முகம் கரிக்கட்டையாகும். அதுக்கு மருந்து மெழுகிறது இல்லை. ஒளி ஈடுசெய்யிற அளவை பிளஸ் 0.7 இல வையுங்கோ. சட்டை கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, நீங்கள் எடுக்கிறது சட்டையை இல்லைத்தானே. பிள்ளையின்ர தோல் அதின்ர சொந்தக் கறுப்பில, மினுக்கத்தோட வரும்.

வாங்கின பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லி விடுறன். ஷட்டர் வேகம் 250இல ஒண்டு, ஐஎஸ்ஓ தானியங்கியில 6400 வரை. ஓடுற பிள்ளையை லென்ஸின்ர அசைவுத் தடுப்பு நிப்பாட்டாது, வேகம்தான் நிப்பாட்டும். படத்தில கொஞ்சம் மணல் மாதிரிப் புள்ளி வரும், ஆறுக்கு நாலு அங்குலத்தில அது தெரியாது. வட்ஸ்அப்பில அனுப்பினதைச் சேமிப்பு எண்டு நினைக்காதேங்கோ, அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். மாசம் பத்துப் படம் அச்சடியுங்கோ. பின்பக்கத்தில ஆர், எங்க, எப்ப எண்டு போல்பொயிண்டால எழுதுங்கோ. அச்சடிக்க முதல் எந்தப் பத்து எண்டதை அம்மா தெரியட்டும். இன்னொரு பிரதி வேற வீட்டில, வேற ஊரில இருக்கட்டும்.

கமராவை விறாந்தை ஆணியில, வாரோட, அப்பாவின்ர சேட்டுக்குப் பக்கத்தில கொழுவி விடுங்கோ. பற்றறி போட்டபடி. தங்கச்சி எடுத்த முதல் நூறு படத்தில தொண்ணூறு காலும் நாயும்தான் வரும். அழிக்காதேங்கோ.