கட்டிடத்துக்கும் வெள்ளோட்டம் வேண்டும்!

திறப்பு விழாவோடு வேலை முடிந்து விடுமா? மாணவர்களுக்குப் பசுமைக் கட்டிடம் கட்டும் கல்லூரிகள் கவனிக்க வேண்டியது என்ன?

2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி பாம்பன் கடலில் புதிய ரெயில் பாலம் திறக்கப்பட்டது. ராமேசுவரத்தில் இருந்து தாம்பரத்துக்குப் புது ரெயிலும் அன்று புறப்பட்டது.

பாலத்தைக் கட்டி முடித்த மறுநாளே ரெயில் விட்டு விடவில்லை. முதலில் பல முறை வெள்ளோட்டம் நடந்தது. 2024 நவம்பரில் ரெயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து சோதித்தார். குறைகளைச் சுட்டிக்காட்டினார். நிபந்தனைகளுடன்தான் அனுமதி கொடுத்தார்.

கோவிலுக்குப் புதுத் தேர் செய்தாலும் இதே வழக்கம்தான். வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த பிறகே சாமி தேரில் ஏறுகிறார்.

ஆனால் கோடிக்கணக்கில் பணம் போட்டுக் கட்டும் கட்டிடத்துக்கு? வர்ணம் காய்ந்ததும் நாடாவை வெட்டி விடுகிறார்கள்!

அன்றும் இன்றும்

தாம்பரம் வட்டாரம் மாணவர்களின் வட்டாரம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் நகரத்தை விட்டு இங்கே வந்தது. 1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தொடங்கியது. இன்று வண்டலூர், பொத்தேரி வரை ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் கல்லூரிகள்தான்.

அந்தக் காலத்துக் கட்டிடங்களில் உயரமான கூரை இருந்தது. அகலமான தாழ்வாரம் இருந்தது. சுற்றிலும் மரங்கள் இருந்தன. கிறிஸ்தவக் கல்லூரி வளாகம் இன்று காடு போல இருக்கிறது என்றால், வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் போன்றவர்கள் அன்று மரம் வளர்த்ததும் ஒரு காரணம். அங்கே சன்னலைத் திறந்தால் காற்று வரும். அதைச் சோதிக்க எஞ்சினீயர் வேண்டியதில்லை.

இன்றைய "பசுமைக் கட்டிடம்" அப்படி அல்ல. கூரை மேல் சூரிய மின் தகடு. சுவருக்குள் குளிர் காற்றுக் குழாய். பூமிக்கு அடியில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் தானே அணையும் விளக்கு. இவற்றை எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் கவனிக்கிறது. வெளிப்பார்வைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு சிறு கருவி தவறாக இருந்தால் போதும், எல்லாம் குழம்பி விடும்!

மாணவர் மன்றக் கட்டிடம் என்றால் சிக்கல் இன்னும் அதிகம். கூட்ட மண்டபம், சிற்றுண்டிச் சாலை, விளையாட்டு அறை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். காலையில் பத்துப் பேர் இருப்பார்கள். மாலையில் ஐநூறு பேர் கூடுவார்கள். இரண்டு நிலைமைக்கும் எந்திரங்கள் ஈடு கொடுக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?

ஒவ்வொரு எந்திரமும் தனித்தனியாக ஓடினால் போதாது. எல்லாம் சேர்ந்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

தீ எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் மட்டும் போதுமா? குளிர் காற்று விசிறி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே புகையைப் பரப்பி விடும். லிப்ட் தரைத் தளத்துக்கு வந்து நிற்க வேண்டும். பூட்டிய மின்கதவுகள் திறக்க வேண்டும். இவை வெவ்வேறு காண்டிராக்டர்கள் செய்த வேலைகள். "என் வேலை சரியாக இருக்கிறது" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். ஒன்றோடு ஒன்று பேசுகிறதா என்று பார்க்கத்தான் ஆள் இருக்காது!

அடுத்தது மின்சாரம். வேண்டுமென்றே மெயினை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டர் தானாக ஓடுகிறதா? இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மின்வாரியக் கம்பியோடு இணைத்த சூரிய மின் அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்று விடும். கம்பியில் வேலை பார்ப்பவர் மீது மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பாட்டரி வைத்துத் தனி ஏற்பாடு செய்தால்தான் அப்போதும் விளக்கு எரியும்.

கழிவுநீர் நிலையத்தில் வேலை செய்வது எந்திரம் மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் அழுக்கைத் தின்கின்றன. அவை வளர்ந்து பெருக வாரக்கணக்கில் ஆகும். விடுமுறையில், ஆளே இல்லாத போது ஓட்டிப் பார்த்து "சரி" என்று எழுதிக்கொடுத்தால் அது சோதனை ஆகாது.

வெயிலும் மழையும்

ஒரே நாளில் முடிகிற வேலையும் இல்லை இது. குளிர்சாதனத்தை மே மாத வெயிலில் சோதிக்க வேண்டும். மழைநீர்க் குழாய்களை ஐப்பசி, கார்த்திகையில் சோதிக்க வேண்டும்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. நாலே ஆண்டில், 2019 கோடையில், சென்னை ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு மக்கள் காத்து நின்றார்கள். வெள்ளம், பஞ்சம் இரண்டையும் பார்க்கும் ஊர் இது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. தொட்டி வெட்டினால் மட்டும் போதாது. அதில் மண் அடைத்துக் கிடந்தால் மழை நீர் தெருவுக்குத்தான் போகும்.

சான்றிதழ் காப்பாற்றுமா?

கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15-ந் தேதி திறக்கப்பட்டது. ஒன்பது மாடி. பசுமைக் கட்டிடங்களுக்கான "லீட்" தங்கத் தரம் பெற்ற கட்டிடம். அந்தத் தரம் பெறுவதற்கு, எந்திரங்களைச் சோதித்து ஒப்படைக்க வேண்டும் என்பதே ஒரு நிபந்தனை. 2011 நவம்பரில் நூலகத்தை மாற்றி விட்டு அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரி வைக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஐகோர்ட்டு தடை விதித்தது. பிறகு பராமரிப்பு சரியில்லை என்ற புகாரும் ஐகோர்ட்டுக்குப் போனது. வசதிகளைச் சீர்செய்யும்படி ஐகோர்ட்டு உத்தரவிட வேண்டி வந்தது.

இதில் இருந்து தெரிவது என்ன? தரச் சான்றிதழ் ஒரு நாள் கொடுப்பது. கட்டிடத்தைத் தினமும் கவனிக்க வேண்டும்.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. பெரிய கட்டிடம், நல்ல வசதிகள். ஆனால் அப்போது பக்கத்தில் ரெயில் நிலையம் தயாராகவில்லை. மூட்டை முடிச்சுகளோடு வந்த குடும்பங்கள் அவதிப்பட்டன. பகுதிகள் ஒன்றோடு ஒன்று சேராவிட்டால் கஷ்டப்படுவது ஜனங்கள்தான்.

செலவு வீணா?

"சோதனைக்கு வேறு பணமா?" என்று நிர்வாகிகள் கேட்கலாம். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடம் 2009-ல் இதற்குக் கணக்குப் போட்டது. 643 கட்டிடங்களை ஆராய்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குறைகள் தெரிய வந்தன! அவற்றைச் சரிசெய்ததால் மின்சாரம் உள்ளிட்ட எரிசக்திச் செலவு பழைய கட்டிடங்களில் 16 சதவீதமும், புதியவற்றில் 13 சதவீதமும் குறைந்தது. போட்ட பணம் பழைய கட்டிடங்களில் ஓர் ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் திரும்பி வந்தது. புதியவற்றில் சுமார் நாலு ஆண்டில் வந்தது.

சோதிக்காமல் விட்டால் அந்தக் கூடுதல் கரண்ட் பில்லைக் கட்டுவது யார்? சுற்றி வளைத்து அது மாணவரின் கட்டணத்தில்தான் வந்து விழும். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தந்தையின் தலையில் விழும்.

செய்ய வேண்டியவை

சோதிக்கிறவர் காண்டிராக்டரின் ஆளாக இருக்கக்கூடாது. கட்டிடச் சொந்தக்காரருக்குப் பதில் சொல்கிறவராக இருக்க வேண்டும். குறைகள் தீரும் வரை கடைசி பில்லில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்க வேண்டும். ஓர் ஆண்டு கழித்து, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்த பிறகு, மறுபடி சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், எந்திர அறையில் வேலை பார்க்கும் தொழிலாளி. தடித்தடியான ஆங்கிலப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து விட்டுப் போவதால் பயன் இல்லை. எந்த வால்வை எப்போது திறப்பது, எந்த மணி அடித்தால் என்ன செய்வது என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். செய்து காட்டவும் வேண்டும்.

திறப்பு விழாவுக்குப் பிரமுகரின் தேதியை முதலில் வாங்கி விட்டு, அதற்குள் வேலையை முடிக்க ஓடுவது நம் ஊர் வழக்கம். அதை மாற்ற வேண்டும். முதலில் வெள்ளோட்டம் முடியட்டும். பிறகு விழாவுக்கு நாள் குறிக்கலாம்!